இரவல் சோபா

சோபா எங்கள் வீட்டுக் கதவுக்குள் நுழையவில்லை. நேராகத் தள்ளிப் பார்த்தார்கள். சாய்த்துப் பார்த்தார்கள். தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்கள். கடைசியில் கதவையே கழற்றிய பிறகுதான் உள்ளே போனது.

கழற்றியது நான். மோட்டார் காயில் கட்டிப் பிழைக்கிறவள், ஸ்க்ரூ டிரைவர் எப்போதும் கையில் இருக்கும்.

அம்மா உள்ளே நின்று அதட்டிக்கொண்டிருந்தாள். "செவுத்துல இடிச்சுப்போடாதீங்க சாமி, நேத்துத்தான் வெள்ளையடிச்சுது."

மூன்று பேர் உட்காரும் மெரூன் கலர் சோபா. புது ரெக்சின் வாசனை வீடு முழுக்க அடித்தது. எங்கள் வீடு என்றால் ஒரு ரூம், ஒரு சமையல் மூலை, அவ்வளவுதான். சோபா வந்ததும் நடக்க இடமில்லை. என் தங்கை தீபா சுவரோடு ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடந்தாள்.

அது எங்கள் சோபா இல்லை. பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்காவுடையதும் இல்லை. அவர் வீட்டுக்காரர் சோபா ரிப்பேர் செய்கிறவர். யாரோ ஒரு வக்கீல் வீட்டிலிருந்து ரெக்சின் மாற்ற வந்த சோபா, வேலை முடிந்து ஆள் வந்து எடுத்துப்போகக் காத்துக் கிடந்தது.

"ஞாயித்துக்கெழம ஒரு நாள்தானுங்கக்கா. கறை பட்டுச்சுன்னா எங்கூட்டுக்காரரு என்னையும் சேத்து அந்த வக்கீல் ஊட்டுக்கே அனுப்பிப்போடுவாரு" என்று சொல்லித்தான் மும்தாஜ் அக்கா கொடுத்தார்.

மறுநாள் வரப்போகிறவர்கள் மாப்பிள்ளை வீட்டார் இல்லை. தீபாவின் டாக்டர் படிப்புக்கு உதவி கேட்டு ஒரு அறக்கட்டளைக்கு எழுதியிருந்தோம். நாங்கள் எவ்வளவு ஏழை என்று நேரில் பார்த்து முடிவு செய்ய அங்கிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்களை உட்கார வைக்கத்தான் இந்த சோபா.

'உங்களுக்கென்ன, சும்மா கிடைச்சிருக்கும்'

போன வாரம் இந்தப் பத்தியில் அப்பாவின் ஃபவுண்டரி வேலையைப் பற்றி எழுதும்போது, தங்கை டாக்டர் என்று ஒரு வரி போட்டிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒருவர் போன் செய்தார். "உங்களுக்கென்னம்மா, அரசாங்கமே ஃபீஸ் கட்டியிருக்கும். இல்லைன்னா ஏதாவது டிரஸ்ட். இப்பல்லாம் ஏழையா இருந்தாத்தான் லாபம்" என்றார்.

போனை வைத்துவிட்டேன். வாயில் வந்ததைச் சொன்னால் பத்திரிகைக்குக் கெட்ட பெயர். அவருக்கான பதில்தான் இந்த வாரம்.

அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குத் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் அரசாங்கம் கட்டணம் கட்டும். அது உண்மை. தீபா படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. கன்னியாஸ்திரிகள் நடத்துவது. வாத்தியார் சம்பளம் அரசாங்கம் கொடுக்கிறது, சத்துணவு அரசாங்கம் போடுகிறது, சைக்கிள்கூட அரசாங்கம்தான் கொடுத்தது. ஆனால் அந்தக் கணக்குக்கு அது அரசுப் பள்ளி இல்லையாம். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அந்தப் பள்ளிதான் இருந்தது. அதனால் சேர்த்தோம். ஆறாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கும்போது இதையெல்லாம் யார் யோசிக்கிறார்கள்?

மார்க் வந்தது. அரசுக் கல்லூரிக்குக் கொஞ்சம் குறைந்தது. சேலம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. ஒதுக்கீடு என்றால் சும்மா இல்லை. வருஷத்துக்கு லட்சங்களில் கட்டணம். ஹாஸ்டல் தனி, புத்தகம் தனி. குறித்த தேதிக்குள் கட்டிச் சேராவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

பேங்க்கில் ஒரு பகுதி லோன் தருகிறேன் என்றார்கள். மீதிக்குச் சொத்து ஜாமீன் கேட்டார்கள். எங்கள் சொத்து அம்மா மாவு ஆட்டி விற்கிற இரண்டு கிரைண்டர்.

இருந்த ஒரே வழி ஒரு மில் குடும்பத்தார் நடத்தும் அறக்கட்டளை. தேவையைப் பார்த்து உதவுவார்கள். தேவை முழுதாக இருந்தால் முழுசும், பாதியாக இருந்தால் பாதி. தேவையை எப்படி அளப்பார்கள்? வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள்.

அம்மா கற்ற பாடம்

அம்மாவை முட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். சோபாவுக்குக் காரணம் இருந்தது.

அப்பா செத்த புதிதில் அம்மா கிரைண்டர் வாங்க ஒரு ஃபைனான்ஸுக்குப் போனாள். நானும் கூடப் போயிருந்தேன். கிழிந்த சேலை, வெறுங்கழுத்து, கண்ணில் தண்ணீர். இரண்டு பெண் பிள்ளைகள் என்று சொல்லி அழுதாள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "பாக்கறனுங்க, போயிட்டு வாங்க" என்றார்.

சில வாரம் கழித்து அதே ஆளிடம் மறுபடி போனாள். இந்தத் தடவை கழுத்தில் இரவல் செயின், இஸ்திரி போட்ட சேலை. "ஏனுங்கண்ணா, ஒரு கிரைண்டர் ஓடிட்டு இருக்குதுங்க. ஆர்டர் தாங்கல. இன்னொண்ணு போடலாம்னு நெனைக்கறேன்" என்றாள். அவர் எழுந்து நின்று சேர் போட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கே பணம் வந்தது. அப்போது எங்களிடம் ஒரு கிரைண்டர்கூட இல்லை.

மளிகைக்கடையில் கடன், சீட்டுப் பிடிக்கிற இடம், வாடகை வீடு பிடிக்கிற இடம் எல்லாம் இப்படித்தான். இருக்கிற மாதிரி தெரிந்தால் நம்பிக் கொடுப்பார்கள். இல்லை என்று தெரிந்தால் கதவைச் சாத்துவார்கள். அம்மா வாழ்நாள் முழுக்க பார்த்தது இதைத்தான். இல்லாமையைப் பார்த்துப் பணம் கொடுக்கிற ஒரு ஆபீஸ் உலகத்தில் உண்டு என்று அவளிடம் சொன்னால் எப்படி நம்புவாள்?

நான் சொன்னேன். "அம்மா, அவிய ஏழைங்களுக்குக் குடுக்கறவிய. சோபா எல்லாம் வேண்டாம்."

"போடி. அஞ்சு வருசத்துப் படிப்பு. நடுவுல ஓடிப்போயிருவோம்னு நெனச்சா எவன் குடுப்பான்? கெட்டியான குடும்பம்னு தெரியோணும்."

தீபாவும் அம்மா பக்கம்தான். அவளுக்குப் பயம். பயத்தில் அம்மா சொன்னது சரி என்று பட்டது.

கோழி தின்ற ஞாயிறு

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பேங்க்கில் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர். மற்றது ரம்யா என்ற பெண். கழுத்தில் அடையாள அட்டை, கையில் மொபைல். சுவர், கூரை, பாத்திரம் என்று ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்தாள்.

அம்மா பட்டுச்சேலை கட்டியிருந்தாள். கழுத்தில் மும்தாஜ் அக்காவின் செயின். "வாங்க, வாங்க, உள்ள வாங்க, உக்காருங்க" என்று ஒரே வாங்கதான். வெள்ளி டம்ளரில் தண்ணீர். அதுவும் இரவல். பிறகு காப்பி. பிறகு இலை.

நாட்டுக்கோழி வறுவல், ரசம், தயிர். காலையிலிருந்து சமைத்தது. "எங்கூட்டுக்கு வந்துபோட்டு வெறும் வயித்தோட போறதாவதுங்க?"

மேனேஜர் வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னார். பிறகு தின்றார். நன்றாகவே தின்றார். இரண்டாவது தடவை வறுவல் வாங்கிக்கொண்டார். எலும்பைக் கடித்துக்கொண்டே கேட்டார்.

"இந்த சோபா எப்ப வாங்குனதுங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "இப்பத்தானுங்க. புதுசு."

"நல்லா இருக்குது" என்று அதைத் தட்டிப் பார்த்தார். கையில் கோழி எண்ணெய். மும்தாஜ் அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் போன போக்கை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். அந்த நாளில் சிரிக்க இருந்தது அது ஒன்றுதான்.

போகும்போது அம்மா ரம்யா கையில் ஒரு பை மாவு கொடுத்தாள். "தோசை சுட்டுப் பாரு கண்ணு, பூவாட்டம் வரும்."

இரண்டு நாள் கழித்து போன் வந்தது. நாங்கள் கேட்டதில் கால் பங்கு தருவார்களாம். 'ஓரளவு வசதியான குடும்பம்' என்று முடிவாகியிருந்தது.

தீபா அழவில்லை. புத்தகங்களை எல்லாம் எடுத்து அட்டைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். "நர்சிங் போறேன்க்கா" என்றாள். அம்மா அந்தப் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டாள். "நா எந்திரிக்க மாட்டேன். என்ன பண்ணுவீங்களோ பண்ணுங்க" என்றாள்.

பேரம்

பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு அறக்கட்டளை ஆபீசுக்குப் போனேன். ஏ.சி. ரூம். அதே மேனேஜர். என் வீட்டுக் கோழி தின்ற மனிதர் என்னை உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன்.

"அந்த சோபா எங்களுது இல்லீங்க. செயினு, வெள்ளி டம்ளரு எல்லாமே இரவல்ங்க" என்றேன்.

"அப்ப பொய் சொன்னீங்களா?"

"ஊட்டுக்கு வந்தவியள மரியாதையா உக்கார வெச்சமுங்க."

"அன்னைக்குச் சொன்னது பொய்யா, இப்பச் சொல்றது பொய்யா? நான் எதைம்மா நம்பறது?"

அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். எங்கள் வீடு அதில் இருந்தது. சோபாவில் அம்மா பட்டுச்சேலையோடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அப்படிச் சிரித்து எடுத்த போட்டோ வேறு எங்களிடம் கிடையாது.

"ரெண்டு கிரைண்டர் இருக்கே" என்றார். "ஒண்ண வித்தா ஹாஸ்டல் ஃபீஸ்ல ஒரு பகுதி வருமே."

"அது இல்லாட்டி சோறு இல்லீங்க. ஒண்ணுல அரிசி, ஒண்ணுல உளுந்து."

"ஒரே கிரைண்டர்ல மாத்தி மாத்தி ஆட்டலாமே?"

"வெளிய உங்க கார் ரெண்டு நிக்குதுங்க. நீங்களும் மாத்தி மாத்தி ஓட்டலாமே?"

பக்கத்து மேஜையில் ரம்யா குனிந்துகொண்டாள். மேனேஜர் முகம் கறுத்தது. எழுந்து போகச் சொல்வார் என்று நினைத்தேன். நான் எழுந்திருக்கவில்லை. கல்லூரியில் சேரக் கொடுத்த தேதியைச் சொன்னேன். மறுபடியும் வந்து பாருங்கள், சொல்லாமல் வாருங்கள், எந்த நாள் வேண்டுமானாலும் வாருங்கள் என்றேன். கை கூப்பினேன். கார் பேச்சு பேசிய அதே வாயால் கெஞ்சினேன். எனக்கு வெட்கமில்லை. எதிரே இருந்தது தீபாவின் படிப்பு.

"பாக்கலாம்" என்றார்.

மாடிப்படியில் ரம்யா பின்னால் ஓடி வந்தாள்.

"அக்கா, சொன்னேன்னு சொல்லிராதீங்க. அடுத்த தடவ சாருக்கு ஒண்ணும் குடுக்காதீங்க. காப்பி வேண்டாம். தண்ணிகூட வேண்டாம். குடுத்தா 'உபசரிப்பு நல்லா இருந்தது, வசதி தெரியுது'ன்னு கமிட்டில சொல்றாரு. போன மாசம் ஒரு பையனுக்கு அப்படித்தான் வெட்டுனாரு. அவிய ஊட்ல முறுக்கு வெச்சாங்களாம்."

கொஞ்சம் நின்று, "மாவு நல்லா இருந்துச்சுக்கா" என்றாள்.

தண்ணீர்

அம்மாவிடம் சொன்னபோது அவள் முதலில் புரியாமல் பார்த்தாள்.

"வர்றவியளுக்குத் தண்ணிகூடக் குடுக்கக் கூடாதா? அப்பறம் எதுக்கு ஊடு?"

எங்கள் பக்கம் யார் வந்தாலும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர். சண்டைக்கு வந்தவனுக்குக்கூட. குடித்துவிட்டுச் சண்டை போடுவான். குழாயில் தண்ணீர் பல நாளைக்கு ஒரு தடவைதான் வரும். டிரம்மில் பிடித்து வைத்துச் செலவழிப்போம். அப்படியும் வருகிறவர்களுக்கென்று ஒரு குடம் மூடித் தனியாக இருக்கும். அதை நாங்கள் தொட்டால் அம்மா கத்துவாள்.

"தீபா படிக்கோணுமா வேண்டாமா?" என்றேன்.

நாலு நாள் கழித்து, நல்ல வெயிலில் மேனேஜர் வந்தார். கூட ரம்யா. வீடு எப்போதும் போல இருந்தது. கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, தரையெல்லாம் ஈரம். அம்மா மாவு அப்பிய சேலையோடு எழுந்தாள். வாயில் 'வா' வந்துவிட்டது. மீதியை விழுங்கினாள்.

உட்காரப் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றுதான். மேனேஜர் உட்கார்ந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பழைய கேள்விகளையே கேட்டார். அம்மா பதில் சொன்னாள். கை இரண்டையும் முந்தானைக்குள் சுற்றி வைத்திருந்தாள்.

"கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா?" என்றார்.

குடம் அவருக்குப் பின்னால், கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. மேலே கவிழ்த்த சொம்பு.

நான் அம்மாவைப் பார்த்தேன். தீபா சுவரைப் பார்த்தாள்.

"தண்ணி வரலீங்க" என்றாள் அம்மா.

அவர் திரும்பிக் குடத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார். அது எந்த ஆட்டம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

அவர்கள் தெருமுனை தாண்டியதும் அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் ஊற்றினாள். டிரம்மில் தண்ணீர் குறைவாக இருந்த நேரம். நான் தடுக்கவில்லை.

முக்கால் பங்கு கிடைத்தது. மீதிக்கு பேங்க் லோன். தேதி முடிய ஒரு நாள் இருக்கும்போது தீபா சேர்ந்தாள். கார் பேச்சு பேசாமலிருந்தால் முழுசும் வந்திருக்கும் என்று அம்மா கடைசிவரை என்னைத் திட்டினாள்.

வருஷா வருஷம்

எங்களுக்கு யாரும் முதலிலேயே சொல்லாதது ஒன்று உண்டு. உதவி ஒரு வருஷத்துக்குத்தான். ஒவ்வொரு வருஷமும் வந்து பார்ப்பார்கள். தேவை குறைந்திருந்தால் உதவியும் குறையும். எப்போது வருவார்கள் என்று சொல்ல மாட்டார்கள்.

அதனால் எங்கள் வீடு எப்போதும் தயாராக இருந்தது. மழை ஒழுகிய இடத்தில் புது ஓடு மாற்றவில்லை. பட்டறை முதலாளி பழைய டி.வி. ஒன்றைச் சும்மா கொடுத்தார், மும்தாஜ் அக்கா வீட்டில் வைத்து அங்கே போய்ப் பார்த்தோம். ஒருமுறை தீபாவுக்கு ஒரு நல்ல சுடிதார் எடுத்தேன். அதை வீட்டில் போடாதே, ஹாஸ்டலிலேயே வை என்று அம்மா சொல்லிவிட்டாள்.

வருகிறவர்களுக்கென்று வைத்த குடம் இல்லாமல் போனது. முதல் வருஷம் அறக்கட்டளை ஆட்களுக்கு மட்டும்தான் தண்ணீர் இல்லை. போகப் போக யார் வந்தாலும் அம்மா வாசலை மறைத்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தாள். யார் எந்த ஆள், யார் போய் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குச் சந்தேகம். மாவு வாங்க வருகிறவர்களிடம்கூடப் பேச்சு குறைந்தது. சென்னிமலையிலிருந்து அவள் தம்பி வந்தபோது, அவரையே வெளியில் நிற்க வைத்துப் பேசி அனுப்பினாள். அவர் அதற்கப்புறம் வரவில்லை.

மும்தாஜ் அக்கா ஒருநாள் என்னிடம் சொன்னார். "ஏனுங்க செல்வி, உங்கம்மாளுக்கு என்னாச்சு? முந்தியெல்லாம் நான் வேண்டாம்னாலும் வாயில ஊத்துவாங்க. இப்ப நான் வந்தா கதவச் சாத்தறாங்க."

தங்கை டாக்டராகிக்கொண்டிருக்கிறாள் என்றேன்.

போன் செய்து 'ஏழையா இருந்தாத்தான் லாபம்' என்று சொன்ன பெரிய மனிதருக்குச் சொல்கிறேன். ஏழையாக இருப்பது பெரிய காரியமில்லை, அது பாட்டுக்கு இருக்கும். அதை வருஷா வருஷம் துடைத்து, எடுத்து, இன்னொருவர் கண்ணுக்குப் பிடிக்கிற மாதிரி நடுவீட்டில் வைக்க வேண்டும். அதுதான் வேலை. எங்கள் வீட்டில் அந்த வேலையைச் செய்தது அம்மா.

வெள்ளைக் கோட்டு

அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது. எங்களுக்கு அவள் சொல்லவில்லை. ஈரத்தரையில் நின்று நின்று காலில் வந்த புண்ணையும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். காய்ச்சல் ஏறி, ஆள் யார் எவர் என்று தெரியாமல் பேச ஆரம்பித்தாள்.

தீபா அப்போது படிப்பை முடித்து ஹவுஸ் சர்ஜன் வேலையில் இருந்தாள். செய்தி கேட்டு, போட்டிருந்த வெள்ளைக் கோட்டோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது.

மாத்திரை கொடுக்க டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கட்டில் பக்கம் போனாள். அம்மா கண்ணைத் திறந்து கோட்டைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள். சட்டென்று டம்ளரைப் பிடுங்கிப் போர்வைக்குள் ஒளித்தாள். படுக்கையெல்லாம் தண்ணீர்.

"எங்கூட்ல ஒண்ணுமில்லீங்க" என்றாள். "நல்லாப் பாத்துக்கோங்க. சோபா எரவலுங்க. தண்ணி வரலீங்க. புள்ள படிப்ப மட்டும் நிறுத்திப்போடாதீங்க."

தீபா அப்படியே நின்றாள். நான் "அம்மா, அது தீபா" என்று சொல்ல வாயெடுத்தேன். தீபா கையைக் காட்டித் தடுத்தாள். கட்டில் ஓரத்தில், அந்த ஈரத்திலேயே உட்கார்ந்தாள்.

"பாத்துட்டேனுங்கம்மா" என்றாள். "எல்லாம் பாத்துட்டேன். முழுசும் குடுத்தர்றோமுங்க. படிப்பு முடியற வரைக்கும். இனி யாரும் பாக்க வர மாட்டாங்க."

"முழுசுமாங்க?"

"முழுசும்ங்க."

"நெசமாத்தானுங்களா?"

"நெசமாத்தானுங்க."

அம்மா போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். டம்ளர் உருண்டு கீழே விழுந்தது. அவள் முகம் தளர்ந்தது. பல வருஷம் நான் பார்க்காத முகம், அந்த போட்டோவில் சோபா மேல் இருந்த முகம்.

"அப்பச் சரிங்க" என்றாள். தீபா எழுந்திருக்கப் போனாள். அம்மா அவள் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"இருங்க அம்மணி. எங்கூட்டுக்கு வந்துபோட்டு வெறும் வயித்தோட போறதாவதுங்க? ஒரு வாய் காப்பி குடிச்சுப்போட்டுப் போங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "செல்வி, பால் இருக்குதா பாரு."

"இருக்குதும்மா" என்றேன்.